பன்னிரண்டாவது பெயர்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. என்னிடம் கேட்டது ஆறு வரி நன்றியுரை.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. கூசிலம்பி என்ற குளிர்தேசத்து ஊரின் நூலகத்தில், திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஐஸ் ஹாக்கி கிளப்பின் செயலாளர் ஐலா பூட்ஸில் ஒட்டிய பனியோடு உள்ளே வந்து, கையுறைகளை மேசைமேல் வைத்தாள்.

"சனிக்கிழமை வெய்யோவுக்குக் கடைசி ஆட்டம். அடுத்த வருஷத்துலேர்ந்து அவரு கோச் இல்ல. ஆட்டம் முடிஞ்சதும் மைக்க குடுக்கப் போறோம். ரெண்டு நிமிஷம் பேசணும்."

"பேசட்டும்."

"வெய்யோவா? போன வருஷம் ரேடியோக்காரன் பதினஞ்சு கேள்வி கேட்டான். ஒம்போது ஆமா, ஆறு இல்ல. அவ்வளவுதான். நீ எழுதிக் குடு."

"நான் எழுதுறது கதை."

"அதான். சின்னதா எழுது."

எழுதிக் கொடுத்தேன். அந்த ஆறு வரியும் இந்தக் கதையில் இல்லை. அவற்றில் சேராமல் நின்ற ஒரு பெயருக்காக இதை எழுதுகிறேன். வெய்யோவிடம் கேட்டுவிட்டேன். இன்னொருவரிடமும் கேட்டுவிட்டேன்.

2

முதல் தொடக்கம்:

வெய்யோ ஹக்கரைனன் ஒன்பது பருவங்கள் தொழில்முறை ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரராக இருந்தார். அந்த ஒன்பது பருவங்களில் அவர் ஆடியது மொத்தம் பதின்மூன்று—

(கணக்கு சரி. ஆனால் படிப்பவர்கள் சிரிப்பார்கள். அவரைப் பார்த்துச் சிரிப்பதற்கு இதை எழுதவில்லை.)

இரண்டாவது:

பனி ஒரு கண்ணாடி. அதில் அவர் தன்—

(நாற்பது வருடம் பனிமேல் நின்றவர்கள் யாரும் அதைக் கண்ணாடி என்று சொல்லி நான் கேட்டதில்லை. கீறல் விழுந்த வெள்ளைத் தரை அது.)

மூன்றாவது:

ஒரு கதவு இருந்தது.

இது இருக்கட்டும்.

3

ஐஸ் ஹாக்கியில் ஒருவர் தொடர்ந்து முக்கால் நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க மாட்டார். ஆட்டம் நடக்கும்போதே களைத்தவர் பெஞ்சுக்கு வருவார், அடுத்தவர் இறங்குவார். இறங்குகிறவர்கள் பலகைச் சுவரைத் தாண்டிக் குதிப்பார்கள். திரும்பி வருகிறவர்களுக்குக் குதிக்கத் தெம்பிருக்காது. அவர்களுக்காகச் சுவரில் ஒரு கதவு உண்டு. பெஞ்சின் பக்கமாகத் திறக்கும்.

அதைத் திறந்து மூடுகிறவர் இரண்டாவது கோல்கீப்பர். முதல் கோல்கீப்பருக்கு அடிபட்டாலொழிய அவருக்கு வேறு வேலை இல்லை. எந்த விதிப் புத்தகத்திலும் இது எழுதப்படவில்லை. எல்லா ஊரிலும் அப்படித்தான்.

வெய்யோ இரண்டாவது கோல்கீப்பர். ஒன்பது பருவங்கள் கதவைத் திறந்தான், மூடினான். (இளவயது வெய்யோவை 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை. பழைய காலம் வரும்போதெல்லாம் 'அவன்' என்றே வைத்துக்கொள்கிறேன்.) அணியில் அவனுக்கு வாட்ச்மேன் என்று பெயர்.

"என்ன வாட்ச்மேன், இன்னைக்கு டபுள் ட்யூட்டியா?"

"ஆமா. கோல் போடாம வந்தீங்கன்னா பூட்டிருவேன்."

கதவருகே நின்று நின்று அவனுக்கு ஒரு கண் வாய்த்தது. சறுக்கி வருகிறவனின் முழங்கால் மடங்கும் விதத்திலேயே தெரிந்துவிடும்: இவனுக்கு இன்னும் பத்து நொடி மிச்சமிருக்கிறது, இவன் தெம்பாக இருப்பதாகப் பொய் சொல்கிறான், இவன் வாங்கிய அடியை மறைக்கிறான். ஆள் வந்து சேரும் முன்பே கதவு திறந்திருக்கும். அதில் அரை நொடி மிச்சம். அன்றைய கோச் சொல்வாராம்: "மத்த டீம்ல கதவு இருக்கு. நம்ம டீம்ல வெய்யோ இருக்கான்."

பின்னாளில் அவர் நல்ல கோச் ஆனதற்கு இந்தக் கண்தான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். உண்மைதான். 1996 ஜனவரியில் நடந்ததற்கும் அதே கண்தான் காரணம்.

4

(இந்தப் பகுதியை நான்கு முறை எழுதினேன். இருப்பதில் சின்னது இது.)

ஓலவி என்ற தடுப்பாட்டக்காரன் களைத்துப்போய் பெஞ்சைப் பார்த்து வந்துகொண்டிருந்தான். இன்னும் ஆறு மீட்டர் இருந்தது. வெய்யோ கதவைத் திறந்தான். அரை நொடி முன்னதாக. அதுதான் அவன் பெருமை. அவன் கண் ஓலவியின் முழங்காலில் இருந்தது.

அப்போது பக், பந்துக்குப் பதிலாக ஆடும் அந்த ரப்பர் வட்டு, சுவரோரமாக வந்தது. அதைத் துரத்திக்கொண்டு இஸ்மோ கெத்துனன் வந்தான். வெய்யோவின் அணிக்காரன், இருபத்துநான்கு வயது. எதிரணிக்காரன் ஒருவன் இஸ்மோவைத் தோளால் சுவரில் மோதினான். விதிப்படி சரியான மோதல். ஆனால் அந்த இடத்தில் சுவர் இல்லை.

கதவுச் சட்டத்தின் விளிம்பு இடது முழங்காலில் இறங்கியது. மூன்று அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. இஸ்மோ அதற்குப் பிறகு ஆடவில்லை.

பெஞ்சில் எல்லோரும் பக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவை ஒருவரும் பார்க்கவில்லை.

"எப்படிடா திறந்துச்சு?" என்றார் கோச்.

"தாழ்ப்பாள் தெறிச்சிருக்கும்," என்றான் யாரோ ஒருவன்.

வெய்யோ ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் கிளப் புதுத் தாழ்ப்பாள் மாட்டியது. ஆட்டத் தாளில் கோல் போட்டவனுக்கு இடம் உண்டு, பக்கைக் கொடுத்தவனுக்கு உண்டு, தண்டனை வாங்கியவனுக்கு உண்டு. கதவைத் திறந்தவனுக்கு இல்லை.

5

ஞாயிற்றுக்கிழமை, சொல்லிவிட வேண்டும் என்றுதான் வெய்யோ மருத்துவமனைக்குப் போனான். ஒரு பொட்டலம் உப்பு மிட்டாய் வாங்கிப் போனான். கட்டிலைச் சுற்றி அணிக்காரர்கள் நான்கு பேர் நின்றிருந்தார்கள். இஸ்மோவின் கால் கயிற்றில் தொங்கியது.

"வா வாட்ச்மேன். அந்தப் பழைய தாழ்ப்பாள எடுத்துட்டு வந்தியா? வீட்டுச் சுவத்துல மாட்டி வைக்கணும். பரிசு ஒண்ணும் வாங்கல, அதாவது இருக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். வெய்யோவும் சிரித்தான். சிரித்த பிறகு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அதற்கடுத்து நடந்தது நான் கற்பனை செய்ததாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன், செயற்கையாகத் தெரியும். 1998-ல் கிளப் வெய்யோவை விடுவித்தது. வேறு அணி எதுவும் கூப்பிடவில்லை. மரம் அறுக்கும் ஆலையில் வேலைக்குச் சேரவிருந்த வாரம், இஸ்மோ ஊன்றுகோலோடு அவன் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"பதினாலு வயசுப் பசங்க டீம எங்கிட்ட குடுத்திருக்காங்க," என்றான். "எனக்குத் தொண்டை இருக்கு, கண்ணு இல்ல. உனக்குக் கண்ணு இருக்கு, வாய் இல்ல. ரெண்டு பேரும் சேந்தா ஒரு கோச் தேறும்."

"எனக்குச் சொல்லித்தர வராதுப்பா."

"நீ சொல்லித்தர வேணாம். என் காதுல சொல்லு. நான் கத்துறேன்."

இரண்டு குளிர்காலம் அப்படி நடந்தது. வெய்யோ முணுமுணுப்பான், இஸ்மோ கத்துவான். பிறகு இஸ்மோ நூலகத்துக்கு எதிரே கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி தொடங்கினான். "இனிமே நீயே கத்திக்க," என்று சொல்லிவிட்டுப் போனான். வெய்யோ கடைசிவரை கத்தவில்லை. ஆனாலும் மேலே மேலே போனார். பதினாறு வருடம் பெரிய அணிக்குத் தலைமைக் கோச். இரண்டு முறை லீக்கில் மூன்றாம் இடம். அவரிடம் வளர்ந்த நான்கு பேர் நாட்டு அணியில் ஆடினார்கள்.

ஊர் முழுக்கத் தெரிந்த கதை இது, கதவு நீங்கலாக.

6

புதன்கிழமை பெயர்ப் பட்டியல் வாங்க அரங்குக்குப் போனேன். பயிற்சி முடிந்து ஆட்டக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

"கோச், சனிக்கிழமை அழுவியா?"*

"தோத்தா அழுவேன்."

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சா நீங்கல்லாம் யாருப்பான்னு கேப்பேன்."

(* இங்கே எல்லோரும் எல்லோரையும் 'நீ' என்றுதான் சொல்வார்கள். இதைவிட மரியாதையாக யாரும் அவரிடம் பேசி நான் கேட்டதில்லை.)

கோச் அறையில் காபி ஊற்றிக் கொடுத்தார். ஏலக்காய் பன்னைப் பாதியாகப் பிய்த்து எனக்குக் கொடுத்தார். பெயர்களைச் சொன்னார். தயாராகவே வைத்திருந்தார். முப்பது குளிர்காலம் அணியின் பஸ்ஸை ஒரு கடமான்மேலும் மோதாமல் ஓட்டிய ஸூலோ. ஸ்கேட்டுகளைத் தீட்டிக்கொடுத்த லேம்பி. இடைவேளையில் தொத்திறைச்சி சுடும் பெண்கள் மூவர். "அவங்க இல்லன்னா தோக்குற வருஷத்துல யாரு வந்திருப்பா?" மனைவி பிர்க்கோ. தன்னைப் பனியில் இறங்க விடாமல் ஒன்பது பருவம் காயமில்லாமல் நின்ற முதல் கோல்கீப்பர்.

"அவனுக்கு நன்றியா?"

"அவனுக்கு அடிபட்டிருந்தா நான் ஆடியிருக்கணும். நான் சுமாரான கோல்கீப்பர்."

இப்படிப் பதினொரு பெயர். ஒவ்வொன்றையும் சொல்லும்போது அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. அந்த மனிதருக்கு நன்றி சொல்வது பிடித்திருந்தது. பேச்சு வராதவர் இதற்கு மட்டும் பேசினார்.

"இஸ்மோ?" என்றேன். யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள்.

அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். மேலே மூன்றாவது, நான்காவது பகுதியில் நீங்கள் படித்ததைச் சொன்னார். ஒரு மணி நேரம் ஆயிற்று. அதில் முக்கால் மணி மௌனம். (இந்த ஊர் உரையாடலைத் தமிழில் எழுதுவதில் எனக்கு உள்ள சிக்கல் இது. பேச்சை எழுதிவிடலாம். நடுவில் இருப்பதை எழுத முடிவதில்லை. ஒவ்வொரு வரிக்கும் இடையில் ஒரு வாய் காபி குடித்துக்கொள்ளுங்கள்.)

"'வேலை வாங்கிக் குடுத்ததுக்கு நன்றி இஸ்மோ'ன்னு போடட்டுமா?"

"அது நிஜம்."

"சரி."

"நிஜந்தான். ஆனா பொய்."

"பேரையே விட்டுட்டா?"

"ரெண்டாயிரம் பேரும் அவனத் திரும்பிப் பாப்பாங்க."

"அப்ப நடந்தத மைக்குல சொல்லிடு."

களைப்பை மறைக்கும் ஆட்டக்காரனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"அத்தன பேர் முன்னாடி கேட்டா அவன் என்ன சொல்ல முடியும்? பரவால்லன்னுதான் சொல்லியாகணும். அது அவன இன்னொரு தடவ சுவத்துல மோதுற மாதிரி."

7

இந்த இடத்தில் என் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது.

இப்படி யோசிக்கத் தெரிந்தவர் இருபத்தெட்டு வருடம் ஏன் சும்மா இருந்தார்? நல்லவராக எழுதிக்கொண்டே போகிறேனோ? இஸ்மோவும் வெய்யோவும் வியாழக்கிழமை தோறும் வெய்யோவின் ஏரிக்கரைச் சௌனாவில், அந்த நீராவிக் குளியலறையில், சேர்ந்து உட்காருவார்கள். இரண்டு பேர், வெந்நீராவி, ஒரு வாளித் தண்ணீர். உடுப்புகூட இல்லாத இடம். சொல்ல வசதியான இடம் இதைவிட—

(வசதி என்பது என் சொல். அவருடையதல்ல.)

அவரிடமே கேட்டேன்.

"சொல்றதுக்கு ஒரு வியாழக்கிழமைகூடக் கெடைக்கலியா?"

"ஒவ்வொரு வியாழக்கிழமையும் நல்லா இருந்துச்சு," என்றார்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவர் எதைப் பணயம் வைக்கப் பயந்தார் என்று புரிந்தது. பதவியை அல்ல, பேரை அல்ல. வாரத்தில் ஒரு மாலையை.

8

வியாழன் இரவுக்குள் உரையை முடிக்க வேண்டியிருந்தது. (அன்றைய சௌனாவும் நன்றாகவே இருந்ததாம்.) உரைக்குப் பதில் முடிவுகளை எழுதிக்கொண்டிருந்தேன்.

முடிவு அ. வெய்யோ சொல்கிறார். இஸ்மோ சிரிக்கிறார். "எனக்கு அப்பவே தெரியும்டா." எழுதியதும் நன்றாக இருந்தது. ஒரு காபி குடித்துவிட்டு வந்து படித்தேன். அடித்துவிட்டேன். இஸ்மோ எப்போதோ மன்னித்திருந்தால் வெய்யோ எதையும் சொல்ல வேண்டியதே இல்லை. நானும் எதையும் எழுத வேண்டியதில்லை.

முடிவு ஆ. வெய்யோ சொல்கிறார். இஸ்மோ எழுந்து போய்விடுகிறார். இதை அடிக்க எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. பயந்தேன், அவ்வளவுதான். அடிக்காமல் வைத்திருக்கிறேன்.

முடிவு இ. வெய்யோ சொல்லவில்லை. நிஜமான, பொய்யான அந்த ஒரு வரியை வாசிக்கிறார். கைதட்டல். பெரும்பாலான நன்றியுரைகள் இப்படித்தான்—

வேண்டாம்.

9

வெள்ளிக்கிழமை மதியம் இஸ்மோ நூலக வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கார் ஓட்டக் கற்றுத்தந்தவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான். இடது காலை மடக்க முடியாமல், ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பார்.

"பேச்ச நீதான் எழுதுறியாமே. என் பேரு எத்தனாவது?"

"இன்னும் முடிவாகல."

"கடைசில போடு. முன்னாடி போட்டன்னா ஜனங்க தொத்திறைச்சி வரிசையில நின்னுட்டிருப்பாங்க. நானும் அங்கதான் நிப்பேன்."

சிரித்துக்கொண்டே போனார். எதிர்பார்க்கிறார் என்பது தெரிந்தது. நான் உள்ளே போய் வெய்யோவுக்குப் போன் செய்து நடந்ததை அப்படியே சொன்னேன்.

"சரி," என்றார்.

நான்கு மணிக்கு நடந்து வந்தார். பள்ளியின் கார் எதிரே நின்றிருந்தது. இஸ்மோ தன் வழக்கமான இடத்தில், கற்றுத்தருகிறவரின் இருக்கையில், மாணவர்களின் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெய்யோ ஓட்டுநர் பக்கம் ஏறி உட்கார்ந்தார். மிச்சமிருந்தது அந்த இடம்தான்.

நூலகத்தின் ஜன்னலிலிருந்து எனக்கு எதுவும் கேட்கவில்லை. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். கார் கிளம்பவில்லை. கண்ணாடிகளில் உள்ளிருந்து ஆவி படர்ந்தது. பத்து நிமிடம் கழித்து இஸ்மோவின் பக்கக் கதவு திறந்தது. அவர் இடது காலைக் கையால் தூக்கி வெளியே வைத்தார். இறங்கவில்லை. ஒரு கால் பனியில், ஒரு கால் காரில். அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒரு பெண் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்து என் முன்னால் நின்றாள். வாங்கிப் பதிந்துவிட்டு நிமிர்ந்தேன்.

கார் போயிருந்தது.

(இதை நான் பார்த்திருக்க வேண்டும். ஒரு கதாசிரியர் பார்க்க வேண்டிய ஒரே நொடியில் நான் ஒரு சமையல் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாற்றி எழுதலாம். எழுதவில்லை.)

10

சனிக்கிழமை 2–4 என்று தோற்றோம். வெய்யோ அழவில்லை. பனிமேல் சாதாரணக் காலணியோடு, வழுக்காமல் இருக்கக் குறுகிய அடி வைத்து நடுவுக்குப் போனார். பதினொரு பெயரையும் வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்தி, அந்த ஆள் எங்கே இருக்கிறார் என்று தேடிக் கண்டுபிடித்து, பார்த்து, தலையசைத்த பிறகே அடுத்ததற்குப் போனார். இரண்டு நிமிடம் ஆறு நிமிடமாயிற்று. ஐலா கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பிறகு தாளை மடித்தார்.

"இஸ்மோ," என்றார். "எதுக்கெல்லாம் நன்றின்னு நேத்து அவன்கிட்ட சொன்னேன். எதுக்கு மன்னிப்புன்னும் சொன்னேன். அது எங்க ரெண்டு பேருக்குள்ள. இங்க பேரு மட்டும்."

ஜனங்கள் கைதட்டினார்கள். ஏழாவது வரிசையில் இஸ்மோ இருந்தார். வந்திருந்தார். அவர் கைதட்டவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பனியைப் பார்த்தார்.

கூட்டம் கலைந்ததும் வெய்யோவிடம் போனேன்.

"இஸ்மோ என்ன சொன்னான்?"

"சொல்லட்டும், மெதுவா சொல்லட்டும். இருபத்தெட்டு வருஷம் குடுத்திருக்கான். இனிமே ஒண்ணும் குடுக்கலன்னாலும் எனக்கு நெறைய."

அவர் குரலில் வருத்தம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. அதைவிட நன்றி அதிகம் இருந்தது.

11

திங்கட்கிழமை இஸ்மோவிடம் போய், எழுதட்டுமா என்று கேட்டேன். முழுவதையும் அவர் மொழியில் வாசித்துக் காட்டினேன். முடிவு அ, ஆ, இ உள்பட.

"எந்த முழங்கால்னு போட்டிருக்க?"

"இடது."

"அது சரி. எதிரணிக்காரன் மோதுனது நியாயமான மோதல்னு போட்டிருக்கியே, அது தப்பு. அவன் முழங்கைய தூக்கினான்."

"மாத்தவா?"

"வேணாம். அவனும் எங்கயாவது ஒரு கார்ல உக்காந்து யோசிச்சிட்டு இருப்பான்."

"நீ என்ன சொன்னன்னு எழுதணும், இஸ்மோ. கதை அங்க வந்து நிக்குது."

அவர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். மாணவன் ஒருவன் காத்திருந்தான்.

"நிக்கட்டுமே," என்றார். "நான் இன்னும் சொல்லல."

12

இன்று புதன்கிழமை. கதை இதோடு நிற்கிறது.

வெய்யோவின் வீட்டுப் பக்கமாக வந்தேன். அவர் சௌனாவுக்கு விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கோடரியை நிறுத்தவில்லை. விறகை வைத்து ஏதாவது ஊகிக்கலாமா என்று பார்த்தேன். முடியாது. ஒருவர் உட்கார்ந்தாலும் இருவர் உட்கார்ந்தாலும் அந்த அடுப்புக்கு அதே அளவு விறகுதான்.

நாளை, வியாழக்கிழமை, ஆறு மணிக்கு ஏரிக்கரைப் பாதையில் பள்ளியின் கார் திரும்புகிறதா என்பது என் சமையலறை ஜன்னலிலிருந்து தெரியும். ஆறு மணிக்கு நான் அந்த ஜன்னல் பக்கம் போகப்போவதில்லை.

நீங்கள் போய் நில்லுங்கள்.